ஃபார்மேட் போட்டும் திரும்பி வரும் உளவு மென்பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. பணம் போனதும் 1930-க்கு அழைக்க வேண்டும் என்பது இன்று பலருக்குத் தெரிகிறதென்றால் அதில் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்த மோசடிகளில் சில, வீட்டு முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் சத்தமில்லாமல் நுழைந்த உளவு மென்பொருளில் தொடங்குகின்றன. அதை எப்படி முழுதாக வெளியேற்றுவது என்பதை யாரும் விவரமாக எழுதக் காணோம். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் ஒதுக்கி வெளியிட வேண்டுகிறோம்.

கொங்கு வட்டாரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் ஒன்றேதான். சோமனூரில் தறி ஓட்டுபவர் கூலி பில் போடுவது அதில். திருப்பூரில் இ-வே பில் எடுப்பதும், கரூரில் வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புவதும், நாமக்கல்லில் லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டுவதும் அதில். சாயங்காலமானால் அதே கம்ப்யூட்டரில் பையன் கேம் டவுன்லோடு செய்கிறான். ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டும் நெட் பேங்கிங்கும் இருக்கும் அதே பிரவுசரில்தான் அவன் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களும், அதாவது பிரவுசரோடு ஒட்டி ஓடும் சிறு மென்பொருள்களும், இருக்கின்றன. ஒருவர் கொண்டுவந்தது எல்லாருடைய கணக்கையும் தொடும்.

கம்ப்யூட்டரில் ஏதோ புகுந்துவிட்டது என்று தெரிந்தால், "தம்பி, ஒரு ஃபார்மேட் போட்டுக் குடுத்துருங்க" என்பதுதான் வழக்கம். கடைக்காரரும் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு, கையில் இருக்கும் பென்டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்றி, ஆக்டிவேட்டர் (காசு கொடுக்காத விண்டோஸை அசல் போல ஓட வைக்கும் திருட்டு மென்பொருள்) ஒன்றை ஓட்டிக் கொடுத்துவிடுகிறார். சில வாரங்களில் அதே தொல்லை மறுபடி வருகிறது. கோரையை மேலோடு அறுத்தால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருப்பது போலத்தான் இதுவும். உளவு மென்பொருளின் ஃபைலை அழித்தால் போதாது. அந்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவருவது எது என்று கண்டுபிடித்து அதை எடுக்க வேண்டும். அப்படிக் கொண்டுவரும் இடங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களே.

முதலில், வந்திருப்பது உண்மையிலேயே உளவு மென்பொருளா என்று பார்க்க வேண்டும். திரையின் வலது கீழ்மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று ஆங்கிலத்தில் பெட்டி பெட்டியாக வந்தால், பெரும்பாலும் அது ஏதோ ஓர் இணையதளத்துக்கு நாம் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி மட்டுமே. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்கினால் நின்றுவிடும். அதேபோல், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு "மைக்ரோசாஃப்ட் உதவி எண்ணுக்கு அழையுங்கள்" என்று அலறுவதும் ஒரு வெப்பக்கமே. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை ரீஸ்டோர் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்கு மட்டும் அழைக்கவே கூடாது.

உண்மையான உளவு மென்பொருளின் அடையாளங்கள் வேறு. விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் அணைந்து கிடக்கும். போட்டாலும் தானாக அணையும். வீட்டுக் கம்ப்யூட்டராக இருந்தும் செட்டிங்ஸிலோ குரோமிலோ "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று பொருள்படும் ஆங்கில வரி தெரியும். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காது. இவற்றைவிடக் கொடியது எந்த அடையாளமும் காட்டாத வகை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் சிறு ஃபைல்களான குக்கீகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டு, தன்னைத்தானே அழித்துக்கொண்டும் போய்விடும். இதை இன்ஃபோஸ்டீலர் என்கிறார்கள். லூமா என்ற இன்ஃபோஸ்டீலருக்கு எதிராக 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் எடுத்த நடவடிக்கையில், இரண்டே மாதங்களில் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குக்கீ திருடு போனால் ஓ.டி.பி.யும் காப்பாற்றாது. ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் நிலையையே திருடன் தன் பிரவுசருக்கு மாற்றிக்கொள்கிறான். மெயில் கணக்கு மறுபடி ஓ.டி.பி. கேட்பதே இல்லை.

ஆகவே சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஸ்கேன் அல்ல. லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பிறகு அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாமல், சுத்தமான வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இதில் வரிசை முக்கியம். மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மெயில் வழியாக ரீசெட் செய்ய முடியும் என்பதால் மெயில்தான் முதலில். பிறகு வங்கி, அதன் பிறகு ஜி.எஸ்.டி., வருமான வரி, மற்றவை. கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதியில் உங்கள் கருவிகளின் பட்டியல் இருக்கும். அங்கே தெரியாத எல்லாவற்றையும், பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரையும் சேர்த்து, சைன் அவுட் செய்யுங்கள். கூடவே ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர்ஸ் இரண்டையும் திறந்து பாருங்கள். ஏற்றுமதி செய்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "பேமென்ட்", "இன்வாய்ஸ்" போன்ற சொற்கள் உள்ள மெயில்களைத் தன் முகவரிக்கு அனுப்பும்படி ஒரு ஃபில்டர் போட்டு வைத்துவிட்டு, பிறகு பையருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதுவதுதான் திருடனின் வழி. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும்.

டிஜிட்டல் கையொப்பத்துக்கான யு.எஸ்.பி. டோக்கன் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். தூரத்திலிருந்து திரையை இயக்கக்கூடிய மென்பொருள் உள்ளே இருந்து, பின் நம்பரும் அவனுக்குத் தெரிந்திருந்தால், டோக்கன் செருகியிருக்கும் நேரமெல்லாம் உங்கள் கையெழுத்து அவன் கையில் இருப்பதாகத்தான் அர்த்தம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930-க்கும் வங்கிக்கும் சொல்லிவிட்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். போலீஸ் கேட்கும் வரை அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் அழிக்க வேண்டாம். அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டால் சாட்சியமும் சேர்ந்து போய்விடும்.

இனி சுத்தம் செய்யும் வேலை. தொடங்கும் முன் இரண்டு முன்னெச்சரிக்கைகள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கக்கூடும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். ஸ்டார்ட்அப் முறையை மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நின்றுவிடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலிலேயே போனில் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவது, கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு தங்கள் நாளிதழிலேயே வருகிறது. அன்றைய தினம் யு.பி.எஸ். பேட்டரி பலவீனமான டெஸ்க்டாப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். விண்டோஸ் தன் ஃபைல்களைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமலே போகலாம்.

அடுத்து பேக்கப். போட்டோ, டாக்குமென்ட், பி.டி.எஃப்., எக்ஸல் ஆகியவற்றை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். டேலி கணக்கை டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வழியாக எடுங்கள். செட்டப் ஃபைல்கள், ஷார்ட்கட்கள், கிராக் ஃபோல்டர்கள் எதுவும் வேண்டாம். "பழைய சாஃப்ட்வேர் எல்லாம் டி டிரைவ்ல இருக்குது, அது மட்டும் பத்திரமா இருக்கட்டுங்க" என்று பலர் கேட்பதுண்டு. ஃபார்மேட்டுக்குப் பின் நோய் திரும்பும் முதல் வழி அந்த ஃபோல்டர்தான்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனில் மேனேஜ் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அடியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்று இருக்கும். டிஃபெண்டர் எந்த இடங்களைப் பார்க்கக் கூடாது என்ற பட்டியல் அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் காலியாகவே இருக்க வேண்டும். அங்கே ஏதோ ஒரு ஃபோல்டரோ, சில சமயம் சி டிரைவ் முழுவதுமோ இருந்தால், ஸ்கேன் செய்யும்போதெல்லாம் "ஒன்றுமில்லை" என்று வந்ததற்குக் காரணம் அதுதான். அவற்றை நீக்கி, டிஃபெண்டரை வேறு மென்பொருள் அணைக்காமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். நீக்க முடியாமல் பூட்டியிருந்தால் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடத்தில், பாலிசி (மாற்ற விடாமல் பூட்டும் கட்டளை) ஒன்று எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைத் தெரிந்தவர் கையால் எடுக்க வேண்டும்.

இப்போது இணையத்தைச் சிறிது நேரம் இணைத்து டிஃபெண்டரின் அப்டேட்டை இறக்கிவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். குவிக் ஸ்கேனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விண்டோஸ் ஓடும்போது உளவு மென்பொருளும் ஓடுகிறது. தன் ஃபைலை ஒளித்துக்கொள்ளவும், அழிக்க விடாமல் பிடித்துக்கொள்ளவும் அதனால் முடியும். ஆஃப்லைன் ஸ்கேன் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, உங்கள் விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடுகிறது. அப்போது அதன் ஃபைல் வெறும் ஃபைலாகக் கிடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். இது முடிந்த பிறகு ஃபுல் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் பழையதாக இருந்தால் இரவு முழுவதும் ஓடட்டும்.

ஒரே ஆன்டிவைரஸின் தீர்ப்பை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, விளம்பர மென்பொருளுக்கென்றே உள்ள ஆட்வ்கிளீனர், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் ஆகியவற்றைச் சுத்தமான கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாட்களில் காலாவதியாகும். ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இறக்க வேண்டும். இந்தியக் கணினி அவசரகால மையமான செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கின்றன. தேடுவதற்கு எத்தனை கருவிகளை வேண்டுமானாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டலாம். ஆனால் எப்போதும் காவல் இருக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரையும் முடக்கும். லேப்டாப்புடன் இலவசமாக வந்து காலாவதியான டிரையல் ஆன்டிவைரஸ் இருந்தால் முதலில் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

பிடிவாதமானவை இதற்கும் அசையாது. அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். சில உளவு மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று காவலாக இரண்டு பிராசஸ்களை, அதாவது பின்னணி வேலைகளை, ஓட்டும். ஒன்றை நிறுத்திய நொடியில் மற்றது அதைத் திரும்பக் கிளப்பும். டாஸ்க் மேனேஜரில் எத்தனை முறை நிறுத்தினாலும் திரும்ப வருவது இதனால்தான். பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் இரண்டையும் முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். உறைந்து நிற்கும் பிராசஸால் மற்றதைக் கிளப்ப முடியாது. பிறகு இரண்டையும் கில் செய்யலாம்.

மற்றது ஆட்டோரன்ஸ். எங்களைக் கேட்டால், இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு கருவியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால் அது இதுவாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டி, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைக்கச் சொல்லுங்கள். கோட் சிக்னேச்சரை, அதாவது தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பத்தை, சரிபார்க்கவும் சொல்லுங்கள். பட்டியல் சிறுத்துவிடும். இளஞ்சிவப்பில் தெரிபவை கையொப்பம் இல்லாதவை அல்லது பொருந்தாதவை. மஞ்சளில் தெரிபவை ஃபைல் போய்விட்டுப் பதிவு மட்டும் எஞ்சியவை. இளஞ்சிவப்பு எல்லாமே கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பழைய பிரின்டர் டிரைவர், பில்லிங் மென்பொருள்கூட அப்படித் தெரியலாம். ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா, டெம்ப் ஃபோல்டர்களுக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயர் இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. உடனே டிலீட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுங்கள். தவறென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அதில் லாகான் பகுதியை எல்லாரும் பார்ப்பார்கள். ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்), சர்வீசஸ் (பின்னணியில் ஓடுபவை), டபிள்யூ.எம்.ஐ. (விண்டோஸின் உள் நிர்வாக வசதி) ஆகிய மூன்றையும் விட்டுவிடுவார்கள். பிடிவாதக்காரர்கள் ஒளிந்திருப்பது அங்கேதான். ஃபைலை நீங்கள் அழித்திருப்பீர்கள். ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விண்டோஸின் கட்டளைக் கருவிகளான பவர்ஷெல்லையோ டபிள்யூஸ்கிரிப்ட்டையோ ஓட்டி இணையத்திலிருந்து அதைத் திரும்ப இறக்கும்படி ஒரு டாஸ்க் அங்கே இருக்கும். பவர்ஷெல் மைக்ரோசாஃப்ட்டுடையது என்பதால், மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைத்த பட்டியலில் அந்த டாஸ்க் தெரியாமலும் போகலாம். அதனால் டாஸ்க் ஷெட்யூலரைத் தனியாகத் திறந்து, ஒவ்வொரு டாஸ்க்கின் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் என்ன கட்டளை இருக்கிறது என்று படிக்க வேண்டும். பவர்ஷெல்லுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் நீளமாக வரிசை கட்டியிருந்தால் அது நல்லதற்கல்ல. சுத்தம் செய்து முடித்ததும் ஆட்டோரன்ஸ் பட்டியலை சேவ் செய்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து கம்பேர் கொடுத்தால் புதிதாக முளைத்தவை மட்டும் தனியாகத் தெரியும். வேலை முடிந்ததா இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

எதுவும் ஒத்துவராவிட்டால், தேவையானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் இதே வேலைகளைச் செய்யுங்கள். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4-ஐ அழுத்த வேண்டும். பின் நம்பர் அங்கே ஏற்கப்படாமல் போகலாம்; கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும்.

பிரவுசர் தனிக்கதை. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ரிமூவ் பட்டனே இல்லாத எக்ஸ்டென்ஷன் இருந்தால், அதைக் கட்டாயமாக நிறுவும் பாலிசி ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. குரோமின் முகவரிப் பட்டையில் பாலிசி பக்கத்தைத் திறந்தால் அது தெரியும். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள் என்ற இடத்தில் அதை எடுத்தால்தான் எக்ஸ்டென்ஷன் போகும். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் பிராபர்ட்டீஸில் டார்கெட் கட்டத்தையும் பாருங்கள்; ஃபைல் பெயருக்குப் பின்னால் ஏதாவது வெப் முகவரி ஒட்டியிருந்தால் ஷார்ட்கட்டை அழித்துப் புதிதாகப் போடுங்கள். ஃபார்மேட் போட்டும் அதே எக்ஸ்டென்ஷன் வருகிறதே என்று திகைப்பவர்களுக்குக் காரணம் இதுதான்: கூகுள் கணக்கில் லாகின் செய்ததும் குரோம் சிங்க் பழைய எக்ஸ்டென்ஷன்களைத் திரும்ப இறக்குகிறது. லாகின் செய்யும் முன் சிங்க்கில் சேமித்த தரவை வேறொரு கருவியிலிருந்து அழித்துவிட வேண்டும். அதில் புக்மார்க்குகளும் போகும் என்பதால் முன்பே எடுத்து வையுங்கள்.

நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸி (இணையத் தொடர்பை வேறொரு இடம் வழியாகத் திருப்பும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், ஈடிசி என்ற இடத்தில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து, ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் இருந்தால் நீக்குங்கள். வீட்டில் உள்ள போன்களிலும் விளம்பரப் பக்கங்கள் தானாகத் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் கம்ப்யூட்டர் அல்ல, ரவுட்டர். தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் காட்டும் டி.என்.எஸ். அமைப்பு அதில் மாற்றப்பட்டிருக்கும். பின்னால் உள்ள ரீசெட் துளையைக் குண்டூசியால் 10 நொடி அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். ஆனால் அழுத்துவதற்கு முன், ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு, மற்ற விவரங்களை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் வரும் வரை இணையம் இருக்காது. ரீசெட்டுக்குப் பின் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் ரீசெட் செய்தும் பயனில்லை.

ஆன்டிவைரஸ் பெரும்பாலும் பிடிக்காத ஒன்றும் உண்டு. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் ஆகியவை நேர்மையான மென்பொருள்கள். வங்கியிலிருந்தோ கஸ்டமர் கேரிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி யாராவது அவற்றை நிறுவ வைத்து, கேட்காமலே உள்ளே வர ஒரு பாஸ்வேர்டையும் போட்டு வைத்திருந்தால், ஸ்கேன் பெரும்பாலும் "சுத்தம்" என்றே சொல்லும். ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றைப் பாருங்கள்.

இத்தனையும் செய்து முடித்ததும், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்ம் கட்டளையின் ரீஸ்டோர்ஹெல்த்தை முதலிலும், எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ்வை அடுத்ததாகவும் ஓட்டினால் சிதைந்த விண்டோஸ் ஃபைல்கள் சரியாகும். அதற்குப் பிறகும் டிஃபெண்டர் தானாக அணைந்தால் இனி மல்லுக்கட்ட வேண்டாம்; விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள். வங்கி வேலை நடக்கும் கம்ப்யூட்டர் என்றால் அதற்கு முன்பே புதிதாக நிறுவிவிடுவதே எங்கள் கருத்து.

நிறுவுவதென்றால் சரியாக நிறுவ வேண்டும். 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். சுத்தமான கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கித் தயார் செய்யுங்கள். எங்கே நிறுவட்டும் என்று கேட்கும் திரையில் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்டிஷன்களையும், டி டிரைவ் உட்பட, டிலீட் செய்து காலி இடமாக்கிவிட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் அந்நேரம் கம்ப்யூட்டரில் செருகியிருக்கக் கூடாது; அதையும் தவறி அழித்துவிட வாய்ப்புண்டு.

இங்கே எங்கள் தொழிலில் நடக்கும் ஒரு பெருந்தவறைச் சொல்லியாக வேண்டும். பிராண்டட் லேப்டாப்களில் பெரும்பாலானவை விண்டோஸுடனேயே விற்கப்படுகின்றன. விலையில் அதன் பணமும் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே எடிஷனை, பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜை, நிறுவினால் கீ எதுவும் கேட்காமல் தானாக ஆக்டிவேட் ஆகும். அப்படியிருக்க, காசு கொடுத்து வாங்கிய அசலை அழித்துவிட்டு, திருட்டு புரோ எடிஷனை ஏற்றி ஆக்டிவேட்டர் ஓட்டுவது எதற்கு? ஆக்டிவேட்டர் ஓட வேண்டுமானால் டிஃபெண்டரை அணைக்கச் சொல்கிறது. எக்ஸ்குளூஷன் பட்டியலில் தன் ஃபோல்டரைச் சேர்க்கிறது. அது கொடுக்கும் கே.எம்.எஸ். ஆக்டிவேஷன் (நிறுவனங்களுக்கான முறை) 180 நாட்களுக்கே செல்லும் என்பதால், திரும்பத் திரும்பப் புதுப்பிக்க ஷெட்யூல்டு டாஸ்க் ஒன்றையும் வைக்கிறது. உளவு மென்பொருளுக்கு வேண்டிய மூன்று வாசல்களும் அப்படியே திறந்துவிடுகின்றன. கிராக் செய்த போட்டோஷாப்பும் கோரல் டிராவும் இதே ரகம். டிசைன் வேலை செய்பவர்களுக்குச் சந்தா கட்டுவது சுமை என்பது எங்களுக்கும் தெரியும். இலவசமான இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் லேபிள், ஸ்டிக்கர் வேலைகள் பலவற்றைச் செய்யலாம். தமிழ் தட்டச்சுக்கென்று கண்ட இடத்தில் மென்பொருள் இறக்க வேண்டியதில்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

இன்னும் இரண்டு வாசல்கள். "நான் ரோபோ அல்ல" என்று சோதிப்பது போல் ஒரு பக்கம் வந்து, விண்டோஸ் விசையுடன் ஆர், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் அழுத்தச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். உங்கள் கையாலேயே ஒரு பவர்ஷெல் கட்டளையை ஒட்டி ஓட்ட வைக்கும் தந்திரம் அது. 2024 முதல் பரவலாகி, லூமா போன்றவை பரவ முக்கிய வழியாக இருந்தது. எந்த நேர்மையான தளமும் அப்படிக் கேட்காது. மற்றது ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ். ஃபைல்கள் மறைந்து ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் அதை டபுள் கிளிக் செய்யாதீர்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால், பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் உங்கள் ஃபைல்கள் பத்திரமாக இருப்பது தெரியலாம். வேண்டியவற்றை மட்டும் காப்பி எடுத்துவிட்டுப் பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். கடைக்கென்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது.

நிறுவி முடித்ததும் அன்றாட உபயோகத்துக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு ஒன்றும், குழந்தைகளுக்கு அதேபோல் தனிக் கணக்கும் போடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு பெரியவர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களும், அரசு இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவையும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. டேலி ஓட வேண்டிய அவசியமில்லாத இடங்களில் அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டால் பிரவுசர் வேலைகளும் பிள்ளைகளின் பாடமும் நடக்கும்.

கடையில் கொடுத்துச் செய்பவர்கள் கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கும்போது பணத்தைக் கொடுப்பதற்கு முன், கடைக்காரர் எதிரிலேயே இரண்டு பக்கங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்று எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியல். அது காலியாக இருக்க வேண்டும். மற்றது செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கம். அங்கே டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருப்பதாக இருக்க வேண்டும். "நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" என்று இருந்தால் ஆக்டிவேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். லேப்டாப்போடு வந்த அசல் எடிஷனையே போட்டுத் தரும்படி அங்கேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வோர் சிலர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.